யாரோ செய்ததற்கு நம் பிள்ளை பதில் சொல்வதா?

பதுளை நகரிலிருந்து பசறை வீதியில் ஏறினால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வரும். 2005இல் தொடங்கிய இந்தக் கம்பஸில் தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. ஸ்பிரிங்வெலி, நமுனுகுல, இன்னும் தள்ளிப் போனால் மடுல்சீமை, லுணுகலை என்று இந்தப் பக்கமெல்லாம் கொழுந்து மலைகள். அந்த மலைகளின் லயங்களில் பிறந்த ஒரு பிள்ளை உயர்தரம் எழுதி, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, இங்கேயோ பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்ச் சேர்வது இன்றைக்கும் தோட்டம் முழுவதும் கொண்டாடுகிற சேதி. கோயிலில் பூசை வைப்பார்கள். சந்தியில் பேனர் கட்டுவார்கள்.

கம்பஸில் நடப்பது வேறு. ஊர் எது என்று கேட்கிறார்கள். தோட்டத்தின் பெயர் காதில் விழுந்ததும் கேட்டவரின் முகம் மாறுகிறது. தமிழ் பேசுகிறவர்கள் நடுவிலேயே ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் இன்னும் சாகவில்லை. சிங்களம் பேசுகிற இடத்தில், போர் நடந்த காலம் முழுவதும், ‘நீ கொட்டியா?’, அதாவது ‘நீ புலியா?’ என்ற கேள்வி காத்திருந்தது. வன்னியைக் கண்ணாலும் பார்த்திராத பிள்ளை வன்னியில் நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வடக்கில் ஒரு குண்டு வெடித்தால் மறுநாள் விரிவுரை மண்டபத்தில் அவன் தலை குனிந்து உட்கார வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைகளின் நிலையை மனதில் வைத்துக்கொண்டு யூத மாணவர்களைப் பற்றி எழுதுகிறேன். பதுளையில் இருந்துகொண்டு இதை எழுத என்ன தேவை என்று கேட்கலாம். காஸா நம் கைபேசிக்குள் வந்துவிட்டது. எல்லவிலும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்திலும் இஸ்ரேலியப் பயணிகளைக் காண்கிறோம். காஸாவின் குழந்தைகளைப் பார்த்துப் பதைத்த நம் இளைஞர்கள் பலர், இஸ்ரேலிய அரசு என்று எழுத வேண்டிய இடத்தில் ‘யூதன்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு அது வசை என்றே தோன்றுவதில்லை. அந்த எழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மற்ற எவரையும்விட ஊவா மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

1983, பதுளைக் கடைவீதி

1983 ஜூலை 27. கொழும்பு எரியத் தொடங்கி இரண்டு நாளாகியும் பதுளை அமைதியாக இருந்தது. அன்று முற்பகல் தமிழர் ஒருவரின் துணிக்கடைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தார்கள். நண்பகலுக்குள் கடைவீதியில் கும்பல் இறங்கிவிட்டது. கடைகளுக்குப் பிறகு வீடுகள். பிறகு அந்தக் கும்பல் வாகனங்களில் ஏறி ஹாலி-எல, பண்டாரவளை, வெலிமடை என்று போனது. இரவாகும்போது லுணுகலையை அடைந்திருந்தது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஜூலை 23 இரவு 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கு இங்கே கணக்குத் தீர்க்கப்பட்டது. திருநெல்வேலி எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாதவர்களின் கூரைகள் எரிந்தன.

அதே ஆண்டு மே மாதத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டிருந்தார்கள். ஜூலையில் ஊருக்குள் வந்தது மே மாதமே கம்பஸுக்குள் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் முதலில் முளைத்துப் பிறகு தெருவுக்கு வருகிற வெறுப்பைப் பற்றி ஐரோப்பாவின் யூதர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இன்னொரு தேதி, 2000 அக்டோபர் 25. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 27 தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது மேல் நீதிமன்றம். 2005க்குள் உச்ச நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள். அந்த முகாமில் இருந்தவர்களில் பலர் பள்ளிக்கூட வயதைத் தாண்டியும் தாண்டாதவர்கள்.

நின்றுகொண்டே கேட்ட பாடம்

1930களின் போலந்து. லுவூப் தொழினுட்பக் கல்லூரியில் 1935இல் யூத மாணவர்களுக்கெனத் தனி வாங்குகள் ஒதுக்கப்பட்டன. 1937இல் அரசே இதற்கு அனுமதி கொடுத்தது. மண்டபத்தின் இடது பக்கம் யூதர்களுக்கு. மாணவர் பதிவேட்டிலேயே அதற்கு முத்திரை. யூத மாணவர்கள் அந்த வாங்குகளில் உட்கார மறுத்தார்கள். விரிவுரை முடியும்வரை சுவரோரம் நின்றுகொண்டே குறிப்பெடுத்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். வார்சாவில் தத்துவப் பேராசிரியர் ததேயுஷ் கொதார்பின்ஸ்கி போன்ற சிலர், மாணவர்கள் நிற்கும்வரை தாங்களும் உட்கார மாட்டோம் என்று நின்றார்கள். பெரும்பாலான பேராசிரியர்கள் உட்கார்ந்தார்கள்.

அதற்கு முன்பே கதவுகளை ஒடுக்கிவைத்திருந்தார்கள். ஜார் ரஷ்யா 1887இல் யூத மாணவர்களுக்கு உச்ச வரம்பு போட்டது: யூதர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட மேற்கு மாகாணங்களில் 10 சதவீதம், வெளியே 5, தலைநகரங்களில் 3. ஹங்கேரி 1920இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. அமெரிக்காவும் விலக்கல்ல. ஹார்வர்டில் 1922 வாக்கில் ஐந்தில் ஒரு மாணவருக்கு மேல் யூதர். தலைவர் லோவல் பகிரங்கமாகவே ஒதுக்கீட்டு வரம்பு கேட்டார். எதிர்ப்பு வந்ததும் அவருடைய பல்கலைக்கழகம் வேறு வழி பிடித்தது. ‘குணநலன்’ பார்ப்போம், விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்போம், நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர் வர வேண்டும் என்போம். யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த கிழக்குக் கரை நகரங்களின் பங்கு குறைந்தால் யூதர்களின் பங்கும் குறையும்.

இந்த இடத்தில் இலங்கைத் தமிழ் வாசகருக்குத் தரப்படுத்தல் நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். 1970களின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளி, சிங்கள மொழிமூல மாணவருக்கு 227. மருத்துவத்துக்கு 250, 229. ஒரே வினாத்தாள், இரண்டு தராசு. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை இதே கட்டில் சேர்த்துவிட முடியாது. இதில் மலையகத்தின் கணக்கு யாழ்ப்பாணத்தின் கணக்கிலிருந்து வேறுபடுகிறது. பதுளை மாவட்டம் இன்றும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த மாவட்டங்களுக்கென்று 5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. ஹார்வர்டில் ஊர்க்கணக்கு ஒருவரை வெளியே தள்ளுவதற்குப் பயன்பட்டது. இங்கே அது, குறைந்தபட்சம் காகிதத்தில், ஒருவரை உள்ளே அழைப்பதற்காக வந்தது.

காகிதத்தில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றதே 1970களில்தான். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை படிக்கக்கூடிய பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அப்படியிருக்க, பதுளை மாவட்டத்துக்கு வரும் இடம் யாருக்குப் போகும்? நகரப் பாடசாலைக்குப் போகும். மலையகத்துக்கு வந்து பதிந்து பரீட்சை எழுதிவிட்டுப் போன வெளிமாவட்டத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் போயிற்று என்பது நீண்ட காலம் பேசப்பட்ட மனக்குறை. பதுளை சரஸ்வதியிலும் பண்டாரவளைத் தமிழ் மத்திய கல்லூரியிலும் பசறையிலும் ஆசிரியர்கள் பட்ட பாட்டில்தான் இந்த நிலை சிறிது சிறிதாக மாறியது.

போ, போ என்று சொன்னவர்கள்

யூத மாணவரின் வாழ்க்கையையும் மலையக மாணவரின் வாழ்க்கையையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அறுபது இலட்சம் பேரைக் கொன்ற ஒரு அழிப்புக்குப் பக்கத்தில் வேறு எதையும் வைத்துப் பேசும்போது நிதானம் வேண்டும். ஆனால் ஒரு வார்த்தை இரு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது: உன் இடத்துக்குப் போ.

1930களின் போலந்தில் யூத மாணவர்களைப் பார்த்துப் பலஸ்தீனத்துக்குப் போ, மடகஸ்காருக்குப் போ என்று கத்தினார்கள். 2024 ஏப்ரலில் நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக வாசலில் யூத மாணவர்களைப் பார்த்துப் போலந்துக்குத் திரும்பிப் போ என்று கத்தினார்கள். தாத்தாவை எங்கிருந்து விரட்டினார்களோ அங்கேயே பேரனைப் போகச் சொல்கிறார்கள்.

நமக்கு இது தெரியாத கதையா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். இங்கே ‘இந்தியாக்காரன்’, ‘கள்ளத்தோணி’. கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் இறங்கியதும் ‘சிலோன்காரன்’. இந்தக் கணக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது.

1948இல் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் இடதுசாரிகள் முக்கியமானவர்கள். அந்த இயக்கங்களோடு வாழ்ந்து வேலை செய்தவர்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதப் பெண்கள் இருவரை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை. ஹங்கேரியில் பிறந்து, நாஸிகளிடமிருந்து தப்பி வந்த உளப்பகுப்பாய்வாளர் ஈடித் ஜோம்ரோய் இலங்கைப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் லூடவைக்கை மணந்துகொண்டார். வியன்னாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த ஹெடி, இடதுசாரித் தலைவர் பீட்டர் கெனமனோடு 1940இல் இங்கு வந்தார். வகுப்பறையில் இனம் பார்க்கப்பட்டால் பிறகு என்ன வரும் என்பது இவர்கள் இருவரும் தங்கள் ஊர்களிலேயே கண்டது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே இடதுசாரிக் கட்சிகள் 1970 முதல் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தரப்படுத்தல் வந்தது.

யூதர்கள் பெரிதாக வாழ்ந்திராத இந்த நாட்டுக்கு யூத வெறுப்பு முன்னரே வந்துவிட்டது என்பதும் பலருக்குத் தெரியாது. 1915 கலவரத்தை ஒட்டி அநகாரிக தர்மபால பிரித்தானிய அரசுக்கு எழுதிய கடிதத்தில், இலங்கை முஸ்லிம்களை யூதர்களோடு ஒப்பிட்டு, ஷைலொக்கின் வழிமுறைகளால் செழித்தவர்கள் என்று சாடினார். அந்த வசை ஐரோப்பாவில் யூதருக்கென்று செய்யப்பட்டது. இங்கே வந்து முஸ்லிம்களின் மேல் விழுந்தது. இன்று நம் முஸ்லிம் தம்பிமார் சிலர் அதே வசையை யூதரை நோக்கித் திருப்புவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

2023க்குப் பிறகு

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 250 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அதற்குப் பின் இஸ்ரேல் நடத்திய போரில் காஸாவில் 60,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு கணக்குச் சொல்கிறது. உலகம் கொதித்தது. மாணவர்கள் கூடாரம் போட்டார்கள். முள்ளிவாய்க்காலை அறிந்த நமக்கு அந்தக் கொதிப்பு அந்நியமானதல்ல. அன்று யாராவது இப்படிக் கூடாரம் போட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்கள் நாம்.

அந்தக் கொதிப்பின் ஓரத்தில் வேறொன்றும் நடந்தது. 2023 அக்டோபரில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் தங்கள் சமய விதிப்படி சாப்பிடுகிற உணவு மண்டபத்தில் சுடப்போவதாக ஒருவர் மிரட்டல் எழுதினார். எழுதியவர் அதே பல்கலைக்கழக மாணவர். 2024இல் 21 மாதச் சிறை கிடைத்தது. அந்த மண்டபத்தில் சாப்பிடுகிறவர்கள் எந்தக் குண்டையும் போடவில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் போராட்டக் கூடாரங்களுக்கு நடுவே யூத மாணவர்கள் கடந்து போக முடியாமல் தடுக்கப்பட்டதாக வழக்கு வந்தது. இஸ்ரேலை மறுத்துப் பேசினால்தான் வழி கிடைத்தது என்பது அவர்களின் முறைப்பாடு. 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி, அப்படி ஒருவரை விலக்கிவைக்கப் பல்கலைக்கழகம் இடம்கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தார். உள்ளே போவதற்கு முன் அரசியல் உறுதிமொழி கேட்பது எப்படி இருக்கும் என்பது, சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்தப்பட்டு ‘புலியை ஆதரிக்கிறாயா’ என்று கேட்கப்பட்ட எவருக்கும் விளங்கும்.

அதே ஆண்டுகளில் மறுபக்கமும் நடந்தது. 2023 நவம்பர் 25 அன்று வெர்மொன்ட் மாநிலத்தில் மூன்று பலஸ்தீன மாணவர்கள் சுடப்பட்டார்கள். கொலம்பியாவில் பலஸ்தீன ஆதரவு மாணவர் அமைப்போடு சேர்த்து, போரை எதிர்த்த ஒரு யூத அமைப்பும் இடைநிறுத்தப்பட்டது. ஆம், கூடாரங்களுக்குள் யூத மாணவர்கள் பலர் இருந்தார்கள்; தங்கள் பஸ்கா விருந்தை அங்கேயே வைத்தார்கள். 2025இல் ட்ரம்ப் அரசு, யூத வெறுப்பைத் தடுப்பதாகச் சொல்லிக் கொலம்பியாவின் 40 கோடி டொலரையும் ஹார்வர்டின் 200 கோடிக்கும் மேற்பட்ட டொலரையும் நிறுத்தியது. ஹார்வர்ட் விடயத்தில் அது சட்டவிரோதம் என்று செப்டம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். பலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த வெளிநாட்டு மாணவர்கள் பிடித்துத் தடுத்துவைக்கப்பட்டார்கள். யூத மாணவரின் பயம் உண்மை. அந்தப் பயத்தைக் காட்டி மற்ற மாணவரின் வாயை அடைத்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

நம் நாட்டிலும் இரண்டையும் பார்த்தோம். 2024 அக்டோபரில் அறுகம்பேயில் சுற்றுலா இடங்கள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் மக்களை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. சிலர் கைதானார்கள். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். ஒரு ஸ்டிக்கருக்கு அந்தச் சட்டம். தமிழர்கள் 1979 முதல் அனுபவித்துவரும் சட்டம் அது.

நாம் பெரும்பான்மையாக இருக்கும் இடங்கள்

சிறுபான்மை என்பது ஒருவர் எப்போதும் சுமந்து திரிகிற அடையாளமல்ல. நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறும். 2016 ஜூலை 16 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் வரவேற்பு விழாவில் கண்டிய நடனம் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மாணவர்கள் அடித்துக்கொண்டார்கள். சிங்கள மாணவர்கள் பாதுகாப்புக்காக ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். தமிழர் பக்கத்தில் நியாயமான மனக்காயங்கள் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் காயத்துக்குக் காரணம் முதலாம் வருடத்துச் சிங்களப் பிள்ளை அல்ல. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு முஸ்லிம் மாணவிகளின் உடுப்பைப் பார்த்து வாசலில் நிறுத்தியபோது தமிழ் மாணவர்களில் எத்தனை பேர் அவர்களுக்காகப் பேசினார்கள்?

நம்மவர் நம்மவருக்குச் செய்வது இன்னும் மோசம். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதன் பிறகு வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம். சட்டம் இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளையின் அப்பா என்ன வேலை, அம்மாவின் கூடையில் எத்தனை கிலோ என்று கேட்டுச் சிரிக்கிற வழக்கமும் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் தமிழில் வாசித்துப் பதில் தரும் ஓர் அதிகாரி எல்லாப் பீடங்களிலும் இருக்க வேண்டும். மொழிச் சட்டப்படி அது உரிமை, யாரும் செய்கிற சலுகையல்ல.

யூத மாணவர்களிடம் நாம் கற்கக்கூடிய ஒன்று இருக்கிறது. வசையை வாங்கிக்கொண்டு தனித்தனியாக ஒதுங்காமல் அவர்கள் ஒரு வீடு கட்டினார்கள். 1923இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹில்லெல் என்ற அமைப்பு இன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான கம்பஸ்களில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு சேர்ந்து சாப்பிட ஓர் இடம். பண்டிகை நாளில் பரீட்சை வைத்தால் நிர்வாகத்தோடு பேச ஓர் ஆள். பேராதனையில் குறிஞ்சிக் குமரன் கோயில் நம் மாணவர்களுக்கு அப்படி ஓர் இடமாக இருந்துவருகிறது. ஹந்தானை மலையடியில் அந்தக் கோயிலுக்கு ஏறிப்போன பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், பக்தி பாதி, ஊர் ஏக்கம் பாதி. பதுளை, பெலிஹுல்ஓயா கம்பஸ்களிலும் மலையக மாணவர் அமைப்புகள் இன்னும் வலுப்பட வேண்டும். முதலாம் வருடப் பிள்ளை வந்து இறங்கும் நாளிலேயே பேருந்து நிலையத்தில் ஒருவர் நிற்கும் அளவுக்கு.

இந்த வருடம் கம்பஸுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு: காஸாவுக்காகப் பேசுங்கள், உரத்துப் பேசுங்கள். இஸ்ரேலிய அரசைக் கேள்வி கேளுங்கள், இலங்கை அரசைக் கேட்பதுபோலவே. நாளை மெல்பேர்னிலோ லண்டனிலோ டொரொன்டோவிலோ மேற்படிப்புக்குப் போகும்போது பக்கத்து இருக்கையில் ஒரு யூதப் பிள்ளை இருக்கலாம். பேராதனையில் சிங்களப் பிள்ளை இருக்கும், ஒலுவிலில் முஸ்லிம் பிள்ளை இருக்கும், யாழ்ப்பாணத்தில் லயத்திலிருந்து வந்த இன்னொரு பிள்ளை இருக்கும். 1983இல் உங்கள் பாட்டியிடம் கேட்கப்பட்ட கணக்கை அவர்கள் யாரிடமும் கேட்காதீர்கள். வேறு யாராவது கேட்டால், எழுந்து நின்று தடுங்கள்.